வாசலில் நிற்பவன்

— கதையை நிப்பாட்டாதேங்கோ அண்ணை. நீங்கள் உள்ளை பேசாமல் நிண்டா வாசல்லை நிக்கிற நான் என்னெண்டு அறியிறது?

— கதைச்சுக்கொண்டுதானே நிக்கிறன் கனகு. மூண்டாம் பீப்பா நல்லாக் கொப்புளிக்குது. நாலாம் பீப்பா வாயாலை நுரை தள்ளி நிலம் எல்லாம் வழுக்குது. விளங்குதே?

— விளங்குது. மெழுகுதிரி எப்பிடி?

— இடுப்பளவிலை நல்லா எரியுது. முழங்காலுக்குப் பதிச்சா மங்குது.

— அப்ப பீப்பா விடுற கரியமில காஸ் முழங்கால் மட்டத்துக்கு நிக்குது. இரவு இடியோடை பியூஸ் விழுந்து காஸை வெளியிலை இழுக்கிற விசிறி நிண்டது ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் ஒரு மணித்தியாலம் விசிறி ஓடட்டும், பிறகு இறங்குங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். நித்தியானந்தன் அண்ணையாருக்கு ஆர் சொல்லி ஏறும்.

— ஒன்பதாம் பீப்பா குளிர்ந்துபோய்க் கிடக்கு. போர்வை சுத்தாட்டி உள்ளை இருக்கிற ஈஸ்ட் எல்லாம் படுத்திடும்.

— படுத்தா ஒரு பக்கற் ஈஸ்ட் வாங்கிப் போடலாம். நீங்கள் படுத்தா நான் எந்தக் கடையிலை வாங்கிறது?

— பக்கற் போட்டா முதலாளியம்மா எங்கள் ரெண்டு பேரையும் மோசல் ஆத்திலை தள்ளிப்போடுவா. அவவின்ர தகப்பன் காலத்திலையிருந்து தோட்டத்திலை திராட்சைப் பழத் தோலோடை ஒட்டி வாற ஈஸ்ட்தான் இஞ்சை வேலை செய்யுது. கடைச் சாமான் இந்த நிலவறைப் படி இறங்கினதில்லை.

— அவ பூசைக்குப் போயிட்டா. பூசை முடிஞ்சு கோப்பி குடிச்சு ஊர்க்கதை கதைச்சு வர ஒரு மணியாகும். ஆரும் பாக்கமாட்டினம்.

— ஈஸ்டுக்குத் தெரியும்.

— ஓம், அதுகளுக்குக் கண் காது எல்லாம் இருக்கு. அண்ணை, ஒண்டு கேக்கவேணும். இந்தக் காட்டு ஈஸ்ட் ஏன் இப்பிடி இழுபடுது? பக்கத்துத் தோட்டக்காரர் பக்கற் போட்டுப் பத்து நாளிலை முடிச்சிட்டினம். எங்கடை கிறிஸ்மஸ் மட்டும் போகும் போலை கிடக்கு.

— இது ஒரு ஆளின்ர வேலை இல்லையே. முதல் வாறவை வேறை ஆக்கள். அவை தொடங்கிவைப்பினம். உள்ளை சாராயம் கொஞ்சம் ஏறினவுடனை தாங்க ஏலாமல் செத்துப்போவினம். பிறகு வாறவை அவையின்ர பிணத்தைத் திண்டு வளந்துதான் மிச்ச வேலையை முடிப்பினம்.

— எங்கட இயக்கங்கள் மாதிரி எண்டு சொல்லுங்கோ.

— …

— அண்ணை?

— நிக்கிறன்.

— பகிடிக்குச் சொன்னனான். உள்ளை நிக்கிறவன் கதைக்கவேணும், வாசல்லை நிக்கிறவன் பதில் சொல்லவேணும். சத்தம் இல்லையெண்டா ஆள் விழுந்திட்டான் எண்டு அர்த்தம். வந்த முதல் கிழமை நீங்கள் சொல்லித்தந்த பாடம். இப்ப நீங்களே வாயை மூடினா?

— நேற்று நீர் சொன்னதைத்தான் இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்.

— அதை விடுங்கோ. வைன் ஒரு கிளாஸ் கூடிப்போச்சு, அழுதிட்டன். எனக்கே வெக்கமாக் கிடக்கு.

— அதை இன்னொருக்காச் சொல்லும்.

— ஏன் அண்ணை?

— போர்வை சுத்தி முடியுமட்டும் கதை வேணும்தானே. சொல்லும்.

— என்னத்தைச் சொல்ல. அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. கனடாவிலை தங்கச்சியோடை கிடக்கிறா. டொக்டர் இனி ஒரு கிழமை எண்டிட்டார். சாப்பாடு இல்லை, ஆளை மட்டுக்கட்டி அடையாளம் காணுறா இல்லை. ஆனா நான் போன் எடுத்தா ஒரே கேள்விதான். தம்பி குடிச்சவனோ, தம்பி குடிச்சவனோ எண்டு.

— தம்பிக்கு என்ன நடந்தது?

— அதையும் நேற்றுச் சொன்னனான். எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியிலை இயக்கக்காரர் வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனாங்கள். அவங்கள் தேடித் திரிஞ்ச மற்ற இயக்கத்துப் பெடியள் பசி கிடந்தவங்கள் எண்டு அம்மா கட்டின சோத்துப் பார்சலைக் கொண்டுபோய்க் குடுத்தவன். அதுதான் அவன் செய்த குற்றம். பதினேழு வயசு. அஞ்சாம் நாள் விடிய சந்தியிலை போட்டிருந்தாங்கள். உடம்பிலை கள்ளு மணம். சேட் எல்லாம் கள்ளு. சனம் என்ன கதைச்சது தெரியுமோ? குடிச்சுப்போட்டு வாய்காட்டியிருப்பான், அதுதான் சுட்டிருப்பாங்கள் எண்டு. பீடி மணமே அறியாத பிள்ளை. அம்மாவுக்கு அவன் செத்தது ஒரு சாவு, அந்தக் கதை ரெண்டாவது சாவு.

— அவன் குடிகாரன் இல்லை.

— அது எனக்குத் தெரியாதே?

— உமக்கு நம்பிக்கை. எனக்குத் தெரியும். அவனை வைச்சிருந்தது ஒரு கள்ளுத் தவறணையின்ர பின் அறையிலை. சுவரோரம் முழுக்கக் கள்ளு முட்டி. இரவு முழுக்க நுரைச்சு நுரைச்சு இந்தப் பீப்பாக்கள் போலைதான் சத்தம் போடும். இந்த நிலவறைக்குள்ளை முதல் நாள் இறங்கேக்கை பாதிப் படியோடை திரும்பி ஏறினனான்.

— ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த அறைக்கு நான்தான் காவல்.

— …

— கனகு, கதையும். பேசாமல் நிக்காதையும்.

— …

— கனகு, ஏன் கதவைச் சாத்தினீர்? விசிறிச் சத்தம் நிண்டிட்டுது.

— நான்தான் நிப்பாட்டினது.

— பொறும். வாறன். மேலை வந்து முகத்தைப் பாத்துச் சொல்லுறன். பொ… ஆ… அம்மா.

— என்ன விழுந்தது?

— நான்தான். நுரையிலை வழுக்கிப்போட்டுது. முழங்கால் திரும்பிட்டுது கனகு. திரியும் அணைஞ்சிட்டுது.

— நடிக்காதை.

— நடிக்கேல்லை. கால் ஊண்ட ஏலாது. நிலத்திலை கிடக்கிறன்.

— கிட. அங்கைதான் நீ கிடக்கவேணும். என்ர தம்பி தார் றோட்டிலை கிடந்தவன், நீ வைன் நுரையிலை கிட. என்ர கையிலை என்ன இருக்குத் தெரியுமோ? பீப்பா அடைப்புக்கு அடிக்கிற சுத்தியல். கேக்குதோ? இது கதவு. கேக்குதோ? இதுவும் கதவு. படியிலை உன்ர தலை தெரிஞ்சா மூண்டாவது அடி அதிலைதான்.

— அடியும். ஆனா திறந்துபோட்டு அடியும்.

— கட்டளை போடுறியோ? அப்பவும் இப்பிடித்தான் போட்டனியோ? அவன்ர இடக்கைப் பெருவிரல்லை நகம் இல்லை. நான்தான் குளிப்பாட்டினது, நான்தான் கண்டது. அம்மா காணக்கூடாது எண்டு விரலுக்குத் துணி சுத்தி விட்டனான். அது ஆர்ரை வேலை?

— நானில்லை. மற்றவன் ஒருத்தன். அவனும் பிறகு செத்துப்போனான்.

— செத்தவனிலை போடு. நல்ல வசதி. முதுகிலை நெருப்பாலை சுட்ட காயம்?

— அவன்தான். நான் வாசல்லை நிண்டனான்.

— வாசல்லை நிண்டு என்ன செய்தனி?

— ஒண்டும் செய்யேல்லை. கேட்டுக்கொண்டு நிண்டனான்.

— கேட்டுக்கொண்டு. இப்ப நான் வாசல்லை நிக்கிறன். இப்ப நான் கேக்கிறன். நல்லாக் கத்து. ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கக் கோயிலிலை. ஒரு நாயும் வராது. சுட்டது ஆர்?

— …

— சுட்டது ஆர் எண்டு கேட்டனான்.

— நான்.

— திரும்பச் சொல்லு.

— நான்தான் கனகு. பின்னாலை நிண்டு, ஒரு வெடி.

— நாயே. பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷம் நீ கடிச்ச பாணிலை பாதியை நான் திண்டிருக்கிறன். என்ர மகள் யதுசாவின்ர கலியாணத்திலை முன் வரிசையிலை இருந்தனி. உன்ர காலிலை விழுந்து அவள் ஆசீர்வாதம் வாங்கினவள். அந்தக் கையாலை நீ அவளின்ர தலையைத் தொட்டிருக்கிறாய். உன்ர கையை நான் முறிக்கவேணும். ஒவ்வொரு விரலா முறிக்கவேணும். நகத்திலையிருந்து தொடங்கவேணும்.

— முறியும்.

— ஓம் எண்டு சொல்லாதை. ஒவ்வொண்டுக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லாதை. மற்றவன்தான் சுட்டவன் எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. நான் திறந்திருப்பன். ஏன் சொல்லேல்லை?

— பொய்யை நீர் அம்மாட்டைக் கொண்டுபோய்ச் சொல்ல ஏலாது.

— அம்மாவின்ர பேரை எடுக்காதை.

— அவவுக்குத்தான் சொல்லுறன். கள்ளைப் பற்றிச் சொல்லவேணும். மூச்சு… இஞ்சை மூச்சு கெதியா வாங்குது. மூக்குக்குள்ளை சோடா ஏறின மாதிரிக் கடிக்குது.

— கடிக்கட்டும்.

— அவனுக்குத் தண்ணி குடுக்கக்கூடாது எண்டு சொல்லியிருந்தாங்கள். நாலாம் நாள் இரவு நாக்குத் தடிச்சு வாய்க்குள்ளை அடங்கேல்லை. தண்ணி வாளி முன் அறையிலை, மற்றவங்கள் படுத்திருந்த இடத்திலை. பின் அறையிலை கள்ளைத் தவிர ஒண்டும் இல்லை. நான் கள்ளுக் குடிக்கிற ஓலைப் பிளாவிலை கொஞ்சம் வார்த்து வாயிலை வைச்சனான்.

— நீயோ?

— அவன் தலையை ஆட்டினான். வேண்டாம், மணந்தா அம்மா அடிப்பா எண்டான்.

— …

— கனகு, நிக்கிறீரோ?

— சொல்லு.

— அம்மா அடிக்கமாட்டா, இது மருந்து எண்டு சொன்னனான். ஒரு மடக்குத்தான் உள்ளை போனது. பிறகு அவன் முகத்தைத் திருப்ப மிச்சம் முழுக்க அவன்ர சேட்டிலை ஊத்துண்டிட்டுது. ஒரு மடக்கு, கனகு. நாலு நாள் தாகத்துக்கு ஒரு மடக்கு. அம்மாவுக்கு அதைச் சொல்லும்.

— குடிக்கக் குடுத்த கையாலைதானே சுட்டனி.

— ஓம். ஒரு மணித்தியாலம் கழிச்சு வெளியிலை கொண்டுபோகச் சொன்னாங்கள். மாட்டன் எண்டா ரெண்டு பேரா விழுந்திருப்பம். அதைச் சாட்டாச் சொல்லேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

— விழுந்திருக்கலாமே. விழுந்திருந்தா நான் உனக்கும் ஒரு விளக்குக் கொளுத்தியிருப்பன்.

— மெய்தான்.

— நான் ஆர் எண்டு உனக்கு எப்பத் தெரியும்? நேற்றோ?

— அம்மா உதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறா எண்டு நேற்றுத்தான் தெரியும். அவவை அந்தக் கேள்வியோடை போக விட ஏலாது. அதுதான் இண்டைக்கு… தலை… தலைக்குள்ளை இடிக்குது கனகு.

— என்ர தலைக்குள்ளையும்தான் இடிக்குது. முப்பத்தெட்டு வருஷமா இடிக்குது. அவன் கடைசியா என்ன சொன்னவன்?

— …

— டேய். கடைசியா என்ன சொன்னவன்?

— ஒண்டும்… சொல்லேல்லை. நடக்கேக்கை செருப்பைத் தேடினான். செருப்பில்லாமல்… முள்ளுக் குத்தும் எண்டு. என்ரயைக் குடுத்தனான்.

— அவன்ர காலிலை ஆரின்ரையோ பெரிய செருப்புக் கிடந்தது. அது உன்ரையோ?

— ஓம்.

— அதை நான் நெருப்பிலை போட்டனான்.

— …

— காதிலை விழுந்ததோ? நெருப்பிலை போட்டனான் எண்டுறன்.

— கனகு… ஒன்பதாம் பீப்பாவுக்குப் போர்வை… சுத்திப்போட்டன். பின்னேரம் ஒருக்கா… கை வைச்சுப் பாரும்.

— பீப்பாவைப் பற்றிக் கதைக்காதை. என்னோடை கதை. இன்னும் கேக்கக் கிடக்கு. எந்த றோட்டாலை கொண்டுபோனனீங்கள்? நிலவு இருந்ததோ? அவனுக்குக் கண் கட்டியிருந்ததோ?

— …

— கண் கட்டியிருந்ததோ எண்டு கேக்கிறன்.

— …

— இந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம். நீ பேசாமல் கிடந்தா நான் ஓடி வந்து திறப்பன் எண்டு நினைக்கிறாய். திறக்கமாட்டன்.

— …

— பீப்பாக்களை எண்ணு. ஒண்டிலையிருந்து எண்ணு. சத்தமா.

— …

— நித்தி.

— …

— நித்தியண்ணை, உங்களைத்தான். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. தூசணத்தாலையெண்டாலும் ஏசுங்கோ.

— …

— அண்ணை. கடவுளே. அண்ணை, கதையுங்கோ. அண்ணை.

— …

— இழுங்கோ. மூச்சை இழுங்கோ. வாயைத் திறவுங்கோ அண்ணை, இது வெளிக்காத்து. விசிறியைப் போட்டிட்டன், கதவு திறந்து கிடக்கு. படியிலை தலையைச் சாய்ச்சு வைச்சிருக்கிறன். இழுங்கோ எண்டுறன்.

— …க…

— கதைக்கவேண்டாம். இழுத்து விடுங்கோ. அப்பிடித்தான். இன்னொருக்கா. இன்னொருக்கா.

— கன… கு.

— என்னைத் தெரியுதோ?

— தெரியுது.

— இது எத்தினை விரல்?

— மூண்டு.

— சரி.

— ஆ… ஏன்… மூக்கிலை…

— மயங்கிக் கிடக்கிறவனை அடிக்க எனக்கு ஏலாது. அறிவு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். இந்தா இன்னொண்டு. இது பெருவிரலுக்கு.

— …

— எதிர்த்து அடியன். கையைத் தூக்கித் தடுக்கவும் மாட்டியோ?

— மாட்டன். அடியும்.

— அடிக்கத்தான் போறன். அடிச்சு…

— …

— காணும், போதும். என்ர கைதான் நோகுது. உங்கட மூக்கு உடைஞ்சிட்டுது போலை. இந்தாங்கோ, இந்தச் சால்வையாலை இறுக்கிப் பிடியுங்கோ. தலையைப் பின்னுக்குச் சாய்க்காதேங்கோ, இரத்தம் தொண்டைக்குள்ளை போகும். முன்னுக்குக் குனியுங்கோ.

— நீர் இறங்கியிருக்கக்கூடாது கனகு. ஒருத்தன் விழுந்தா மற்றவன் இறங்கக்கூடாது, விசிறியைப் போட்டிட்டு நெருப்பணைக்கிற படையைக் கூப்பிடவேணும். இறங்கினா ரெண்டு பிணம். எத்தினை தரம் சொல்லித்தந்தனான்.

— மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினனான். பாதியிலை விட்டிட்டன். எனக்கும் கண் இருட்டினதுதான்.

— பிறகு ஏன்?

— கூப்பிட்டனான். பதில் வரேல்லை.

— அது விசிறியை நிப்பாட்டேக்கை தெரியாதோ?

— தெரியும். பதில் வராமல் போகவேணும் எண்டுதான் நிப்பாட்டினனான். ஆனா தம்பியைக் கொண்டுபோன அந்த நாலு நாளும் அம்மா றோட்டு றோட்டா அவன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனவ. நான் பின்னாலை நடந்தனான். ஒவ்வொரு வீட்டு வாசல்லையும் ஒருக்காக் கூப்பிடுவா, பிறகு காதைக் குடுத்துக்கொண்டு நிப்பா. அந்த நிக்கிற நேரம் இருக்கே, அது எனக்கு எலும்புக்குள்ளை கிடக்கு. இண்டைக்கு நானே கூப்பிட்டுப்போட்டுக் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டன். இன்னொருக்கா அது ஏலாது அண்ணை. ஆராயிருந்தாலும் ஏலாது.

— …

— அழாதேங்கோ. உங்கட கண்ணீரைத் துடைக்க எனக்கு இண்டைக்கு மனம் இல்லை.

— துடைக்கவேண்டாம். அம்மாவுக்குப் போன் எடும். இப்பவே எடும்.

— அங்கை இன்னும் விடியேல்லை. தங்கச்சி எழும்பட்டும். ஒரு மடக்குத்தான் அம்மா, அதுவும் தாகத்துக்கு, அதுவும் உங்களுக்குப் பயந்து பயந்து குடிச்சவன் எண்டு சொல்லுறன்.

— என்ர பேரையும் சொல்லும்.

— சொல்லமாட்டன்.

— சொல்லவேணும் கனகு. ஒளிச்சது போதும்.

— அவவுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கு. அந்த ஒரு கிழமையை உங்களை வெறுக்கிறதிலை கழிக்க நான் விடமாட்டன். உங்களிலை இரக்கப்பட்டுச் சொல்லேல்லை. அவ மகனை நினைச்சுக்கொண்டு போகட்டும். வெறுக்கிற வேலையை நான் பாப்பன், எனக்கு நாள் கிடக்கு.

— சரி.

— செருப்பைப் பற்றிச் சொல்லுவன். முள்ளுக் குத்தாமல் போனவன் எண்டு சொல்லுவன்.

— …

— இப்ப எழும்புங்கோ. தோளைப் பிடியுங்கோ. முழங்கால் வீங்கிப்போச்சு, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறன். நுரையிலை வழுக்கி முகம் குப்புற விழுந்தனான் எண்டு சொல்லுவியளோ, நான் அடிச்சதெண்டு சொல்லுவியளோ, அது உங்கட விருப்பம்.

— விழுந்ததுதான்.

— இன்னொண்டு. நாளையிலையிருந்து இந்த வாசல்லை நான் நிக்கமாட்டன். முதலாளியம்மாவிட்டைச் சொல்லி வேறை ஆளை எடுங்கோ. இண்டைக்குத் திறந்தனான், ஆனா நாளைக்கோ அடுத்த வருஷமோ ஏதோ ஒரு நாள் என்ர கை திரும்பியும் அந்த விசிறியை நிப்பாட்டிப்போடும். என்னை நம்பி நீங்கள் இறங்கக்கூடாது.

— வேறை ஆள் எனக்கு வேண்டாம் கனகு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஹம் பட்டினத்து எங்கட கோயில் தேர்த் திருவிழாவிலை உம்மிலை அவன்ர முகச்சாயலைக் கண்டு, நீர் அவன்ர அண்ணன் எண்டு விசாரிச்சு அறிஞ்ச பிறகுதான், என்ர உயிரைக் காக்கிற வாசலுக்கு இந்த ஆளைத்தான் எடுக்கவேணும் எண்டு முதலாளியம்மாவிட்டை நானாப் போய்க் கேட்டனான்.